கழுத்தில் கிடந்த நங்கூரம்

கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். தெரியாது என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போகக் கூடாது. சம்மதமானவர்கள் மட்டும் உட்காருங்கள்.

நங்கூரத்துறை என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே புனித கிளமெண்டுக்குக் கோயில். ஆதிக் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொன்ற காலத்தில், கழுத்தில் நங்கூரத்தைக் கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்டவரைக் கடல்காரர்கள் விடுவார்களா? வீட்டுக்கு ஒரு கிளமெண்ட். ஐஸ் கம்பெனிக்கு அந்தப் பேர், சலூனுக்கு அந்தப் பேர், பந்து விளையாடுகிற சங்கத்துக்கும் அந்தப் பேர். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ஒரு நாயும் வாலாட்டும். ஆனால் ஒரே வள்ளத்தில் இரண்டு கிளமெண்ட் ஏற மாட்டார்கள். ஆபத்தில் யாரைத் தூக்குவது என்று புனிதர் குழம்பிப்போவாராம்.

திருநாள் நவம்பர் இருபத்து மூன்று. அன்று ஊரிலுள்ள ஒவ்வொரு கிளமெண்டுக்கும் சாமியார் ஒரு சின்னப் பித்தளை நங்கூரம் கொடுப்பார். அதைக் கழுத்தில் கட்டுவது வீட்டுப் பெண்ணின் வேலை. எல்லாரும் கறுப்புக் கயிற்றில் கட்டுவார்கள். பிலோமினாள் மட்டும் பச்சை நைலான் வலை நூலில் கட்டுவாள். அவள் வலை பின்னுகிறவள். வலை முடிச்சுப் போட்டு, நுனியைத் தீக்குச்சியால் சுட்டுக் கறுப்பு மணியாக உருட்டிவிடுவாள். "இது அவுந்தா என்னைக் கேளுங்க" என்பாள் புருஷனிடம். எங்கே போனாலும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அவன். ஊருக்கு அவன் ரேடியோ கிளமெண்ட்.

அந்த வருடம் திருநாள் முடிந்த ஐந்தாம் நாள் புயல். மூன்று வள்ளங்களில் போன ஒன்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை. வள்ளத்துக்கு ஒரு கிளமெண்ட்: பிலோமினாளின் புருஷன், மிக்கேலாள் என்ற கிழவியின் ஒரே மகன், கஸ்பாரின் தம்பி. அந்தத் தம்பிக்கு வள்ளம் இழுக்கும் விஞ்சில் சிக்கி இடது சுண்டுவிரல் போய்விட்டது; ஒன்பது விரல் கிளமெண்ட் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

பிலோமினாளுக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள், இறக்கி வைக்கத் தோன்றவில்லை. மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தபோது, யாருடைய கையையோ இழுப்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் மிக்கேலாள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாள். சுவரில், புனிதர் படத்துக்குக் கீழே, ஆணியில் ஒரு பித்தளை நங்கூரம் தொங்கியது.

"குளிக்கக் கழட்டி வச்சவன், போட மறந்துட்டுப் போயிட்டாம்ளா, பாவிப் பய" என்றாள் கிழவி.

ஒன்பதாம் நாள் காலையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. துணியும் இல்லை. கழுத்தில் நங்கூரம் மட்டும் கிடந்தது. அப்படியானால் மூவரில் ஒருவன். இன்றைக்குள்ள பரிசோதனையெல்லாம் அன்று ஏது? சாமியார் மூன்று வீட்டாரையும் வரச் சொன்னார்.

முதலில் கஸ்பார் குனிந்து பார்த்தான். கைகளைத் தொட்டு எண்ணினான். தம்பிக்கு ஒரு கல்லறையாவது கிடைக்காதா என்று ஒன்பது நாளாகக் கரையைச் சுற்றியவன்.

"எங்க ஆளு இல்ல சாமி. வெரலு பத்தும் இருக்கு" என்று தள்ளிப்போய் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து மிக்கேலாள். பார்த்தாளோ இல்லையோ, கால்மாட்டில் விழுந்தாள். "எம் புள்ளதான் சாமி! கழுத்துல நங்கூரம் கெடக்கே, பாருங்க!"

பிலோமினாளுக்கு ஆணியில் தொங்கிய நங்கூரம் நினைவுக்கு வந்தது. கிழவி பொய் சொல்கிறாள். பிலோமினாள் நெருங்கி வந்தாள். சேறு அப்பியிருந்த கயிற்றை விரலால் துடைத்தாள், பச்சை நூல். முடிச்சு வலை முடிச்சு. நுனியில் கறுப்பு மணி. உப்புத் தண்ணீரில் ஒன்பது நாள் கிடந்தும் அவிழவே இல்லை.

"நீ என்னம்மா சொல்லுதே?" என்றார் சாமியார்.

ஒரே ஒரு 'ஆமா' போதும். மகளுக்குத் தகப்பன் கல்லறை என்று காட்ட ஓர் இடம் கிடைக்கும். கிழவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவுக இல்ல சாமி" என்றாள் பிலோமினாள். "அவுக வருவாக."

அன்று மத்தியானமே மிக்கேலாளின் மகனாக அவனை அடக்கம் செய்தார்கள். சிலுவையில் கிளமெண்ட் என்று எழுதினார்கள். பேரில் மட்டும் தவறில்லை.

இப்போது சொல்லுங்கள். உண்மை சொல்லி வெறுங்கையோடு போன கஸ்பார், பொய் சொல்லி ஒரு பிள்ளையைப் புதைத்துக்கொண்ட மிக்கேலாள், தெரிந்தும் விட்டுவிட்ட பிலோமினாள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கஸ்பார் என்று பலரும் சொல்வீர்கள். சரிதான், அவனிடம் குற்றமில்லை. பிலோமினாள் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவள் கிழவிக்கு இரங்கி விட்டுக்கொடுக்கவில்லை. உடலை வாங்கினால் புருஷன் செத்தவனாகிவிடுவான். அதனால்தான் வேண்டாம் என்றாள். கிழவிக்கு அழ ஓர் இடம் வேண்டியிருந்தது, இவளுக்கு அழாமலிருக்க ஒரு சாக்கு. ஆக, அன்று இருவர் செய்ததும் சரியில்லை. பதினோரு மாதம் கழித்து, கல்லறைத் திருநாளன்று, மிக்கேலாள் உட்கார்ந்திருந்த அந்தக் கல்லறைக்குப் பிலோமினாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மடியிலிருந்து பச்சை நூலை எடுத்து, அந்தச் சிலுவையைச் சுற்றி முடிச்சுப் போட்டு, நுனியைத் தீக்குச்சியால் சுட்டாள். மிக்கேலாள் அந்த முடிச்சைப் பார்த்தாள். அன்று கழுத்தில் கிடந்த அதே முடிச்சு. "உக்காரும்மா" என்று நகர்ந்து இருவருக்கும் இடம் விட்டாள். அப்போதுதான் பிலோமினாள் அழுதாள்.