ராஜாவின் கத்தரிக்காயில் ஒரு புழு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள்; சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவருக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் உயிர். ஒரு நாள் அண்டை நாட்டுத் தூதர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "எம் அரண்மனைத் தோட்டத்துக் கத்தரிக்காய்! பூமியில் வேறெங்கும் இப்படிக் காய்க்காது" என்று பெருமையடித்தபடி ஒரு காயைப் பிட்டார். உள்ளே நன்றாக வெந்த புழு ஒன்று நீட்டிப் படுத்திருந்தது.

மூத்த தூதர் தம் இலையில் இருந்த காயை ஓசைப்படாமல் ஓரத்துக்கு ஒதுக்கினார். அதையும் ராஜா பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கைக் கண்டு பரிமாறுகிறவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டான்.

"சந்தனராயரே, என்ன இது?"

சந்தனராயர்தான் அரண்மனைத் தோட்டத்து அதிகாரி. "அரசே, புழு இல்லாத கத்தரி உலகத்திலேயே கிடையாது. அது தெய்வச் செயல்" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த தில்லைவிடங்கனுக்கு வாய் சும்மா இருக்காது. சபையைச் சிரிக்க வைப்பதுதான் அவனுக்கு உத்தியோகம்.

"தெய்வத்தை ஏன் இழுக்கிறீர்கள், ராயரே? என் வீட்டுப் பின்கட்டிலும் கத்தரி உண்டு. என் மனைவி கோழிகளைச் செடிகளுக்கு நடுவே மேய விடுகிறாள். மண்ணுக்குள் கிடக்கும் புழு பூச்சியை எல்லாம் அவை கிளறித் தின்றுவிடும். எங்கள் காயில் புழு இருந்து நான் பார்த்ததே இல்லை."

தூதர்கள் சிரித்தார்கள். ராயருக்கு வயிறு எரிந்தது. விடங்கனின் பின்கட்டு அரண்மனைத் தோட்டத்து மதிலை ஒட்டியது. அதிலுள்ள கிணறு கோடையிலும் வற்றாது. அந்த இடத்தின் மேல் ராயருக்கு ஐந்து வருடமாகவே ஒரு கண். இப்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அரசே, கோழியும் நாற்றும் ஓரிடத்தில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. இவன் தங்களைப் பரிகாசம் செய்கிறான். உண்மையானால் செய்து காட்டட்டும். மூன்று மாதம் தவணை கொடுங்கள். வேலி போடக் கூடாது. பகலில் ஒரு கோழியையும் கட்டக் கூடாது, மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அடைக்கக் கூடாது. கம்போடு காவலும் கூடாது. காய் புழுவில்லாமல் வர வேண்டும்."

"வராவிட்டால்?"

"பின்கட்டை அரண்மனைத் தோட்டத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். கோழிகள் அன்றைக்கே மடைப்பள்ளிக்குப் போகட்டும்."

ராஜாவுக்கு இருந்த கோபத்தில், "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். விடங்கன் புன்னகையோடு தலைவணங்கினான். இதில் என்ன கஷ்டம், வீட்டில் தினமும் நடப்பதுதானே என்று அவனுக்கு எண்ணம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி செண்பகவல்லி கையிலிருந்த முறத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, யாரைக் கேட்டு இப்படி வாக்குக் கொடுத்தீங்க?"

"உள்ளதைத்தானே சொன்னேன்? கோழி செடிக்கு நடுவுல மேயலையா?"

"மேயுது. எப்ப மேயுது? செடி என் முழங்காலுக்கு வளர்ந்த பிறகு! அதுவரைக்கும் பகல் பூரா பஞ்சாரத்தைப் போட்டு மூடித்தானே வைக்கிறேன்? நாத்தைக் கண்டா கோழி விடுமா? பதினாலு வருசமா இந்த வீட்டுல இருக்கீங்க. ஒரு நாளாவது பின்கட்டுல என்ன நடக்குதுன்னு பார்த்திருக்கீங்களா?"

விடங்கனுக்குப் பகீரென்றது. அவன் பின்கட்டுக்குப் போவது எப்போதாவது ஒரு சாயங்காலம் கால் கழுவத்தான். அவன் கண்ணில் பட்டதெல்லாம் வளர்ந்த செடிகளும் நடுவே உலவும் கோழிகளும்தான். நாற்று சிறிதாக இருந்த நாளெல்லாம் அவை மூங்கில் கூடைக்கு அடியில் கிடந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

சரி, பழக்கினால் பழகாதா என்று மறுநாளே கீரை விதை தூவினான். கோழிகள் அவனுக்குப் பின்னாலேயே வரிசையாக வந்து ஒரு விதை பாக்கியில்லாமல் பொறுக்கின. கத்தரி நாற்று நட்டான். செவலைக் கோழி வந்து, தலையைச் சாய்த்து ஒரு முறை பார்த்து, இரண்டு காலாலும் வாரி இறைத்தது. நாற்று ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். அவன் கும்பிட்டான், கெஞ்சினான், ராஜாவின் ஆணை என்று சொல்லிக்கூடப் பார்த்தான். செவலை அவன் கால் விரலைக் கொத்தியது.

பத்து நாள் இப்படியே போயிற்று. பதினோராம் நாள் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. ராயரின் வேலைக்காரர்கள் நாலு கூடையை இறக்கினார்கள். உள்ளே இருபது கோழிகள், ஒவ்வொன்றும் இரண்டு நாள் பட்டினி போட்ட மாதிரி இருந்தது.

"மகாராஜா அனுப்பின வெகுமதிங்க. வேண்டாம்னு சொன்னா ராஜ துரோகம்னு ராயர் சொல்லச் சொன்னாருங்க" என்று சொல்லிவிட்டுக் கூடைகளைத் திறந்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் பச்சை என்று சொல்ல ஒரு புல்லும் மிஞ்சவில்லை. விடங்கன் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு அழுகை வந்தது. செண்பகவல்லி கல்யாணமாகி வந்த வருடம் கருவேலங்காடாகக் கிடந்த இடம் அது. அவள் கையாலேயே வெட்டித் திருத்தினாள். அவன் வாயால் அது போகப் போகிறது.

அந்த ஆத்திரத்தில் மூலையில் வேலையில்லாமல் கவிழ்ந்து கிடந்த ஒரு பழைய பஞ்சாரத்தை எட்டி உதைத்தான். அது உருண்டது. அது கிடந்த இடத்தைப் பார்த்தவன் திறந்த வாயை மூடவில்லை.

கூடை இருந்த வட்டத்தில் மட்டும் தளதளவென்று தண்டுக்கீரை முளைத்து நின்றது. பத்து நாளுக்கு முன் அவன் தூவியபோது மூங்கில் இடுக்கு வழியே உள்ளே விழுந்த விதை. இருபது பட்டினிக் கோழிகளும் அதைச் சுற்றிச் சுற்றிக் கிளறியிருந்தன. உள்ளே ஒரு இலையிலும் கீறல் இல்லை. அடுத்த நொடியே இரண்டு சேவல்கள் பாய்ந்து வந்தன. விடங்கன் அவற்றை முந்திக்கொண்டு பஞ்சாரத்தை எடுத்து மூடி அதன் மேலேயே விழுந்து படுத்தான்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று பதறி ஓடி வந்தாள் மனைவி.

"செண்பகம், கோழியைத்தானே அடைக்கக் கூடாது? செடியை அடைச்சா என்ன?"

அவள் அவனையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பதினொரு நாளில் அதுதான் அந்த வீட்டில் முதல் சிரிப்பு.

அன்றைக்கே தெருத் தெருவாகப் போய்ப் பஞ்சாரம் இரவல் வாங்கினான். கொடுத்த வீட்டுக் கோழிகளெல்லாம் தெருவில் இஷ்டப்படி திரிந்து, கடைசியில் மேய்வதற்கு இவன் பின்கட்டுக்கே வந்து சேர்ந்தன. இந்த முறை அவன் வாயைத் திறக்காமல் மனைவி சொன்னபடி செய்தான். கூடைக்கு நட்டநடுவில் ஒரே ஒரு நாற்று. சேவல் தள்ளிவிடாதபடி மேலே ஒரு கல். கோழி எச்சத்தைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகிவிடும் என்று அவள் அதட்டியதால், மக்கின பழைய குப்பை மட்டும். மற்றபடி அவனுக்கு இருந்த ஒரே வேலை, மூங்கில் இடுக்கு வழியே வெளியே எட்டிப் பார்க்கிற இலைகளைப் பொழுதுக்கும் உள்ளே திருப்பி விடுவது. கோழிகள் வெளியே புழுவைத் தேடி மண்ணைப் பொடியாக்கின.

ஒரு நாள் ராயர் மதில் மேல் தலையை நீட்டிப் பார்த்தார். பின்கட்டு நிறையக் கவிழ்த்த பஞ்சாரங்கள். செடி ஒன்றும் கண்ணில் படவில்லை. 'அகப்பட்டுக்கொண்டான்! கொஞ்சத்தை வெளியே விட்டுவிட்டு மற்றக் கோழிகளை அடைத்து வைத்திருக்கிறான்' என்று எண்ணி, ராஜா முன்னால் பிடித்துக் கொடுப்பதற்காக வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

தவணை முடிந்தது. ராஜாவும் சபையும் பின்கட்டுக்கு வந்தார்கள். மடைப்பள்ளி ஆள் காலி கூடையோடு ஒதுங்கி நின்றான்.

"பார்த்தீர்களா, அரசே!" என்று ராயர் கத்தினார். "செடியும் இல்லை, கொடியும் இல்லை. கோழியை அடைக்கக் கூடாது என்ற தங்கள் ஆணையையும் மீறிவிட்டான்! எத்தனை பஞ்சாரம் என்று பாருங்கள்!"

ராஜாவின் மீசை துடித்தது. "தில்லைவிடங்கா, நம் ஆணை உனக்கு விளையாட்டா?"

"அரசே, ஆணையில் ஓர் எழுத்தையும் நான் தாண்டவில்லை. ராயரே தம் திருக்கரத்தால் திறந்து, எத்தனை கோழி அகப்படுகிறதென்று சொல்லட்டும்."

ராயர் பாய்ந்துபோய்க் கல்லைத் தள்ளிப் பஞ்சாரத்தைத் தூக்கினார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. கருநீலக் காய்கள் நாலைந்து தொங்க, கத்தரிச் செடி ஒன்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்ததைத் தூக்கினார், கத்தரி. அதற்கடுத்தது, கத்தரி. மந்திரிகள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். மடைப்பள்ளி ஆள் கூடையைக் கீழே நழுவவிட்டான்.

"இது... இது மோசடி!" என்றார் ராயர்.

"கோழியை அடைக்கக் கூடாது என்றீர், அடைக்கவில்லை. கட்டக் கூடாது என்றீர், கட்டவில்லை. பஞ்சாரங்கள் சும்மா கிடந்தன, செடிக்குக் கொடுத்தேன். செடியை அடைக்கக் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லையே!"

ராஜா இடைக்கத்தியை உருவினார். செண்பகவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ராஜா ஒரு காயைப் பறித்து இரண்டாகப் பிளந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பிளந்தார். ஒன்றிலும் புழு இல்லை.

"எப்படியடா இது?" ராஜாவின் குரலே மாறியிருந்தது.

"எல்லாம் தாங்கள் அனுப்பிய கோழிகளின் புண்ணியம், அரசே. எங்கள் கோழிகள் மட்டும் இருந்திருந்தால் இத்தனை புழுவைத் தின்றிருக்காது. தங்கள் பெயரால் இருபது கோழிகளை அனுப்பி வைத்த ராயருக்குத்தான் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டும்."

"நாமா? நாம் ஒரு கோழியும் அனுப்பவில்லையே!"

ராயர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அந்த இருபதில் ஒரு சேவல் அந்நேரம் பார்த்து அவர் காலடியில் வந்து தீனிக்கு நின்றது. அவர் தினமும் தீனி போட்டு வளர்த்த சேவல் அது. ராஜா சேவலைப் பார்த்தார், ராயரைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"தில்லைவிடங்கா, இந்தப் பின்கட்டு உன் வம்சத்துக்கே சொந்தம். அரண்மனைத் தோட்டமும் இன்றுமுதல் உன் பொறுப்பு. ராயர் உன்னிடம் பஞ்சாரம் தூக்கட்டும்!"

விடங்கன் வாயைத் திறந்தான். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மகாராசா, தோட்டத்தை அவர்கிட்ட கொடுத்தா அடுத்த மாசமே உங்க இலையில மறுபடியும் புழு கிடக்கும். என்கிட்ட கொடுங்க. இன்னொண்ணும் கேக்குறேன். இனி இவர் சபையில எங்க வீட்டு விசயம் எதையாவது பெருமையாப் பேச ஆரம்பிச்சா, 'பொண்டாட்டியைக் கேட்டியா'ன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டுடணும்."

அடங்கியிருந்த சிரிப்பு ராஜாவுக்கு மறுபடியும் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார். அவள் கேட்ட வாக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே காப்பாற்றினார். மறுநாள் சபையில் முதல் மந்திரி எழுந்து, "அரசே, எங்கள் வீட்டில் எப்போதுமே..." என்று தொடங்கியதும், "வீட்டில் கேட்டீரா?" என்றார். மந்திரி மெல்லத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்குப் பின்னாலேயே பாதிச் சபை எழுந்து போயிற்று.