ஞானப்பூவின் கிடா

உட்காருங்கள். எனக்கு அசதியாக இருக்கிறது, ஒரே தடவைதான் சொல்வேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் வாயைத் திறக்காதீர்கள்.

எங்கள் வேதக்கோயில் முற்றத்தில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஏலம் கூறுகிறவன் நான். சபையார் தங்கள் விளைச்சலில் முதலாவதைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், தேங்காய், கோழி என்று எதுவானாலும் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். அந்தப் பணம் கோயிலுக்கு. ஏலம் எடுத்தவர் பொருளை அன்றைக்கே கொண்டுபோகலாம், பணத்தைப் பிறகு கட்டினால் போதும். தேவனுடைய காரியத்தில் யார் ஏமாற்றப் போகிறார்கள் என்று பெரியவர்கள் நம்பி வைத்த வழக்கம். நல்லா நம்பினார்கள், போங்கள்!

ஞானப்பூ முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவள். கூலி கைக்கு வந்ததும் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் கடைக்குப் போவாள். உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி கோயிலுக்கு ஒதுக்குவாள். "மிஞ்சினதைக் குடுக்கதுக்கு கர்த்தரு என்ன பிச்சைக்காரரா?" என்று கேட்பாள். அவளுடைய ஆடு தலையீற்றில் ஒரு கிடாக்குட்டி போட்டது. அதைக் கர்த்தருக்கென்று நேர்ந்து பொருத்தனை பண்ணிவிட்டாள்.

அவள் புருஷன் தேவதிரவியம் உப்பளத்தில் மூட்டை சுமக்கிறவர். குட்டி வளர்ந்து கிடாவான சமயத்தில் அவருக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டுதான் நடப்பார். பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதமும் வீட்டில் சோறு பொங்க வேண்டுமே!

"கிடாவ வித்தா சமாளிச்சிரலாம் ளா," என்றார் தேவதிரவியம்.

"அது நம்ம கிடா இல்ல. கர்த்தருக்குள்ளது."

"அப்ப நான் யாருக்குள்ளவன்?"

ஞானப்பூ பண்டிகையன்று அழுதுகொண்டேதான் கிடாவை ஓட்டி வந்தாள். கோயில் வாசலில் எங்கள் சபைப் போதகர் ஐயர் கையில் கயிற்றைக் கொடுத்தாள். அவர் ஜெபம் பண்ணி என்னிடம் தந்தார்.

சென்னையில் கடை வைத்திருக்கும் துரைப்பழம் அண்ணாச்சி பண்டிகைக்கு வந்திருந்தார். ஒன்பதாயிரத்துக்கு மேல் போகாத கிடா அது. அவர் எடுத்த எடுப்பில் "இருபதாயிரம்!" என்றார். நான் மூன்று தரமும் கூறி முடித்தேன். கயிற்றை வாங்கியவர் நேரே ஞானப்பூவிடம் போய், "வச்சுக்கோ தங்கச்சி, என் அன்பளிப்பு," என்று திருப்பிக் கொடுத்தார். அப்பப்பா, என்ன கைதட்டல்! ஆள் அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டார்.

மாதங்கள் போயின. பணம் வரவில்லை. சபைப் பொருளாளர் தாசையா போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார். "பாத்துக்கிடலாம்," என்ற பதில்தான் வந்தது. நம்ம சபையில் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் இது.

ஞானப்பூவுக்கு மனசு ஆறவில்லை. கிடாவும் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை, பணமும் சேரவில்லை. பொருத்தனை என்ன ஆயிற்று? அவள் கிடாவை விற்கவும் விடவில்லை. தேவதிரவியம் வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் மூட்டை தூக்கப் போனார். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் திட்டி அனுப்பினார். அதற்கு மேல் தாங்காமல் தேவதிரவியமே ஆட்டு வியாபாரியை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்.

வியாபாரி வந்த அதே காலையில் தாசையாவும் வந்து நின்றார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பணம் வராத பொருளு சபைக்குத்தான் திரும்பணும்மா. மறு ஏலம் விடணும். என் இஷ்டம் இல்ல, கமிட்டித் தீர்மானம்," என்றார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"குடுத்தாச்சு. ஏலம் போயாச்சு. எங்களுக்கே தந்தும் ஆச்சு. இன்னும் எத்தன தடவய்யா குடுக்கணும்?" என்று கேட்டார் தேவதிரவியம். கேட்டவர் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞானப்பூ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். "கர்த்தரத்தான் முதல்ல வைக்கணும்னு இருந்தேன். இப்ப எதக் குடுத்தா அவர முதல்ல வச்சதாகும்னே தெரியலையே," என்று விம்மினாள்.

இனி நீங்கள் சொல்லுங்கள். ஒரு பக்கம் பணத்தோடு வியாபாரி, மறுபக்கம் தீர்மானத்தோடு பொருளாளர். கோயிலுக்கு ஒரு பைசா வரவில்லை என்பதும் உண்மை. அந்தக் கிடா யாருக்குச் சொந்தம்? கயிற்றை அவள் யார் கையில் கொடுப்பது சரி?

விடை: வியாபாரி கையில்தான். ஐயரிடம் கயிற்றை நீட்டிய அன்றைக்கே ஞானப்பூ கொடுத்து முடித்துவிட்டாள். மூன்றாம் தரம் கூறியதும் கிடா துரைப்பழத்துக்கு ஆயிற்று. அவர் இனாமாகக் கொடுத்ததும் அவளுக்கு ஆயிற்று. கடன் ஆளோடுதான் போகும், ஆட்டோடு போகாது. கோயில் பாக்கியைச் சென்னையில் போய்க் கேட்க வேண்டுமே தவிர, எழுந்து நிற்க முடியாத மனுஷன் வீட்டில் வந்து கட்டியிருக்கும் கிடாவை அவிழ்க்கக் கூடாது. இதை அங்கேயே சொன்னேன். தாசையாவும் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். ஞானப்பூ கயிற்றை வியாபாரியிடம் கொடுத்து ஒன்பதாயிரம் வாங்கினாள். புருஷன் பக்கம் திரும்பும் முன்னே அதிலிருந்து தொள்ளாயிரத்தை எண்ணித் தாசையாவிடம் நீட்டினாள். "வாங்குங்கய்யா. இது முதல்ல." அவர் வாங்க முடியாமல் அழுதுவிட்டார். நானும்தான் அழுதேன். அன்றைக்கே ஐயரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: "அடுத்த பண்டிகைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க. துட்டை எடுத்து வைக்காத வாய்க்கெல்லாம் மூணு தரம் கூவ இனி என்னால ஆகாது."