செவ்வந்தி ஒதுக்கிய மூன்று கொட்டைகள்

“உன் மகளுக்குக் கணக்கு வராது. களிமண்ணாக இருந்தால் பிசைந்து பானையாவது பண்ணலாம். இவள் தலையை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவது?”

சொன்னவர் நாகதேவர், மருதங்குளத்துப் பள்ளி வாத்தியார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அப்படியே சொல்கிறேன். ராஜாக்கள் யானைமேல் போன காலம் அது. வாத்தியார்கள் மட்டும் அன்றைக்கும் இப்படித்தான்.

“வரவில்லை என்றால் வரவழையுங்கள். சும்மாவா அனுப்புகிறோம்?” என்றாள் வேலாயி. களத்துமேட்டில் மரக்கால் பிடித்து நெல் அளப்பவள் அவள். அவள் வாய்க்கு மட்டும் அளவு கிடையாது.

அந்தப் பள்ளியில் ஒரு சட்டம். மூன்று தடவை கணக்கில் தவறினால் ஓலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் போயாகிவிட்டது. ஒன்று ஆடு மேய்க்க, ஒன்று சாயத்தொட்டிக்கு, ஒன்று வயலில் குருவி விரட்ட.

வேலாயியின் மகள் செவ்வந்திக்கு எட்டு வயது. ஓலையில் தன் பெயரை எழுதி அதன்மேல் ஒரு பூவும் கீறி வைத்திருந்தாள். கணக்குதான் உதைத்தது. முதல் தடவை ஒரு குவியல் புளியங்கொட்டை, மொத்தம் ஏழு. ஆறு என்றாள். இரண்டாம் தடவை இரண்டு குவியல், மொத்தம் பத்து. எட்டு என்றாள்.

“ஒரு நாள் ஒன்று குறைகிறது, ஒரு நாள் இரண்டு குறைகிறது. தப்பிலாவது ஒரு ஒழுங்கு வேண்டாமா?” என்றார் நாகதேவர்.

வாத்தியார் அடித்துப் பார்த்தார். வேலாயி திட்டிப் பார்த்தாள். செவ்வந்தி தானே அழுதும் பார்த்தாள். கணக்கு யாருக்கும் மசியவில்லை.

மூன்றாம் தடவை வந்தது. வேலாயியும் வந்து வாசற்படியில் நின்றாள். மூன்று குவியல், மொத்தம் பன்னிரண்டு கொட்டை.

“ஒன்பது,” என்றாள் செவ்வந்தி.

பிள்ளைகள் சிரித்தார்கள். நாகதேவர் கையை நீட்டினார், ஓலைக்கு. செவ்வந்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வேலாயி திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஓலையில் கீறிய பூவைப் பொத்திப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

“எப்படி எண்ணினாய்? அம்மாவுக்கு எண்ணிக் காட்டு, கண்ணு.”

இத்தனை நாளில் இதை அவளிடம் யாருமே கேட்டதில்லை.

செவ்வந்தி முதல் குவியலில் ஒரு கொட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகுதான் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தாள். அடுத்த குவியலிலும் ஒன்றை ஓரமாக வைத்தாள். அதற்கடுத்ததிலும் அப்படியே.

“ஓரமா வச்சது யாருக்கு?”

“பசிச்சு வர்றவங்களுக்கு. நீதானேம்மா முதல்ல எடுத்து வைப்பே?”

வேலாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மருதங்குளத்து வழக்கம் அது. எந்தக் குவியலை அளந்தாலும் முதல் மரக்கால் நெல் பசித்தவர்களுக்கு. அது எண்ணிக்கையில் சேராது. களத்துமேட்டிலேயே வளர்ந்த பிள்ளை, அம்மா கையைப் பார்த்தே எண்ணப் பழகியிருந்தது.

“அது நெல்லுக்குத்தான்டி, தங்கம். இங்கே எல்லாத்தையும் எண்ணணும்.”

செவ்வந்தி ஓரத்துக் கொட்டைகளையும் சேர்த்து எண்ணினாள். “பன்னிரண்டு.” பிறகு முன்பு தவறிய குவியல்களையும் எண்ணி ஏழு சொன்னாள், பத்தும் சொன்னாள். நாகதேவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிரம்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகையால் கேளுங்கள், பெற்றவர்களே, கற்பிப்பவர்களே: தப்பான விடை சொல்லும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அது எப்படி எண்ணியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கதை இத்தோடு முடிந்திருக்கும். செவ்வந்தி விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த மூன்று இடங்களைப் பார்த்தாள்.

“ஐயா, வீட்டுக்கு அனுப்பின அவங்க மூணு பேரையும் கூப்பிடுங்களேன். எப்படி எண்ணினாங்கன்னு அவங்களையும் கேட்கலாம்.”