டீக்கன் ஈசாக்கின் இடது கன்னம்

"ரம்பாச்சா, ஒரு அச்சனுக்க பெண்டாட்டி பியூட்டி பார்லர் நடத்தலாமா?"

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே டீக்கன் ஈசாக்கு இதைக் கேட்டார்.

மலைமேல் மடத்துக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ரம்பான் அப்ரேம் நிமிர்ந்து பார்த்தார். ரம்பான் என்றால் எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையில் துறவி. நேரில் கூப்பிடும்போது ரம்பாச்சன்.

இவருக்குத் தாடி என்று பேருக்கு முகவாயில் கொஞ்சம் முடி. மலைக்குக் கீழே ஊரில் இவருக்கு ஆட்டுத்தாடி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவருக்கும் தெரியும்.

"யாருக்க பெண்டாட்டி?"

"எனக்க பெண்டாட்டிதான்."

"நீ இன்னும் அச்சன் ஆகலியே."

"வாற ஞாயித்துக்கிழமை ஆகணும். அதுதான் இப்ப சிக்கல்."

அச்சன் என்றால் குருவானவர், டீக்கன் அதற்கு முந்தின படி. எங்கள் சபையில் முதலில் கல்யாணம், பிறகுதான் குருப்பட்டம். பட்டம் வாங்கினவருக்குத் தாடி வேண்டும். கடைத்தெருவுக்குப் போனாலும் அங்கி வேண்டும்.

அவர் மனைவியைக் கொச்சம்மா என்பார்கள். அவளுக்குச் சட்டம் இன்னும் அதிகம். வெளிர் நிறச் சேலை, தலையில் முக்காடு, இறுக்கிப் போட்ட கொண்டை. உதட்டில் சாயம் கூடவே கூடாது. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறிப் பாருங்கள், ஊரே வந்து வாசலில் நிற்கும்.

"மெர்லின் எல்லாத்துக்கும் சம்மதிச்சா, ரம்பாச்சா. கம்மலைக் கழட்டி வச்சா. கலர் சேலை முழுக்கத் தங்கச்சிக்குக் குடுத்தா. கடையை மட்டும் விட மாட்டேங்கா."

"கோயில் கமிட்டி என்ன சொல்லுகு?"

"செக்ரட்டரி கொர்நேலியுஸ்தான் குதிக்காரு. புருவம் எடுக்கிறவ எப்படிக் கொச்சம்மா ஆவா, முகத்துல மை பூசுகது பொய்யில்லியான்னு கேக்காரு. ஞாயிறுக்குள்ள கடையைப் பூட்டலேன்னா, எனக்குப் பட்டம் குடுக்க வேண்டாம்னு பிஷப்புகிட்ட சொல்லிருவாவளாம்."

"கொர்நேலியுஸ் வீட்டம்மா எங்க புருவம் எடுக்கா?"

ஈசாக்கு தரையைப் பார்த்தார்.

"மெர்லின்கிட்டதான். இப்ப பின்வாசல் வழியா வருகா."

ரம்பான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோப்பு வழுக்கிக் கிணற்றடிச் சாக்கடையில் விழுந்தது.

"சிரிக்காதீங்க ரம்பாச்சா. சின்னப் பையனா பலிபீடத்துல தூபக்கலசம் பிடிச்ச காலத்துல இருந்து இதுக்குத்தான் காத்திருக்கேன்."

 ரம்பான் சிரிப்பை நிறுத்தினார்.

ஈசாக்கு கெட்டவர் இல்லை. அவருக்குப் பலிபீடமும் வேண்டும், மெர்லினும் வேண்டும். இரண்டில் ஒன்றை நோகடிக்காமல் மற்றது கிடைக்காது என்று ஆனபிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

"அவ என்ன சொன்னா?"

"சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. கடையைப் பூட்டுகது உங்களுக்கு வேணுமா, அவங்களுக்கு வேணுமான்னு மட்டும் கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. செருப்பைப் போட்டுக்கிட்டு மலையேறிட்டேன்."

ரம்பான் சாக்கடையிலிருந்து சோப்பை எடுத்துக் கழுவினார்.

"நீங்க சொன்னா கேப்பா, ரம்பாச்சா. கடையைப் பூட்டச் சொல்லுங்க."

"சரி, சொல்லுகேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று ஈசாக்கு எதிர்பார்க்கவில்லை.

ரம்பான் துவைத்த வெள்ளை அங்கியைப் பிழிந்து கொடியில் போட்டார். தோள்பட்டையில் மங்கலாக ஒரு கறுப்புக் கறை அப்படியே இருந்தது.

"கறை போகலியே?"

"பழைய கறை. எத்தனை தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. மதிய ஜெபத்துக்கு நேரமாச்சு, முகத்தைக் கழுவு. முடிச்சிட்டு மெர்லின்கிட்ட போவோம்."

"முகம் நல்லாத்தானே இருக்கு."

"இந்த வேர்வையோடவா கோயிலுக்குள்ள வருவ? குனி."

அவரே வாளியில் தண்ணீர் இறைத்தார். அவரே ஊற்றினார். ஈசாக்கு பட்டும் படாமல் முகத்தை நனைத்தார். ரம்பான் இன்னும் ஒரு வாளி இறைத்து ஊற்றினார். பிறகு ஒரு வெள்ளைத் துண்டை நீட்டினார்.

ஈசாக்கு வாங்கி ஒற்றினார். வலது கன்னத்தைத் துடைத்தார். வேறு வழியில்லாமல் இடது கன்னத்தையும் துடைத்தார்.

துண்டில் கறுப்பு.

ஈசாக்கின் இடது கன்னத்தில் பழைய புழுவெட்டு. அந்த இடத்தில் தாடி முளைக்காது. தினமும் விடிந்ததும், முதல் ஆள் வருவதற்குள், மெர்லின் அவரைக் கடை நாற்காலியில் உட்காரவைப்பாள். புருவம் தீட்டும் பென்சிலை எடுத்து, வலது கன்னத்தைப் பார்த்துப் பார்த்து, இடது கன்னத்தில் முடி முடியாக வரைவாள். வரைந்தது என்று தாயாலும் கண்டுபிடிக்க முடியாது.

அச்சன் என்றால் இப்படித் தாடி வேண்டும் என்று செக்ரட்டரி கொர்நேலியுஸே ஒரு தடவை கோயில் முற்றத்தில் வைத்துப் புகழ்ந்தார். அன்று முதல் ஈசாக்கு குடையில்லாமல் வெளியே இறங்குவதில்லை.

தொழுவத்தில் பசு கத்தியது. 

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"உனக்க அப்பா அடக்கத்தன்னைக்கு. எனக்க தோள்ல முகத்தை வச்சு அழுதியே."

ஈசாக்கு கொடியில் கிடந்த அங்கியைப் பார்த்தார்.

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"அப்பனுக்காக அழுதவனுக்க கன்னத்தைப் பத்தி ஊருல போய்ப் பேசுவாங்களா?"

ஈசாக்கு துண்டைச் சுருட்டிக் கைக்குள் மறைத்துக்கொண்டார்.

"பயம் ரம்பாச்சா. பாதித் தாடியோட நின்னா சிரிப்பாவ."

ரம்பான் தம்முடைய நாலு முடியைத் தடவிக்கொண்டார்.

"சிரிப்பாவ," என்றார்.

ஜெபம் முடிந்தது. ரம்பான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கிளம்பு. மெர்லின்கிட்ட சொல்லணும்லா."

"இப்படியேவா? இன்னைக்குச் சந்தை. ஊர் முழுக்கத் தெருவுலதான் நிக்கும்."

"கடையைப் பூட்டச் சொல்லத்தானே போறோம்? கடை இல்லேன்னா மையும் இல்ல. இனி எல்லா நாளும் இப்படித்தானே வெளிய போகணும்?"

ஈசாக்கு நின்ற இடத்திலேயே நின்றார். ரம்பான் அவசரப்படுத்தவில்லை.

"நீங்க வர வேண்டாம் ரம்பாச்சா. நானே பேசிக்கிடுகேன்."

"என்ன சொல்லப் போற?"

அதற்குள் ஈசாக்கு படியிறங்கிக்கொண்டிருந்தார். குடை கிணற்றடியிலேயே கிடந்தது.

சந்தையில் மீன்காரி தராசைப் பிடித்தபடியே பார்த்தாள். மரச்சீனிக்கிழங்குக் கடையில் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஈசாக்குக்குக் காது சுட்டது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பாதி வழியில் அதை இறக்கிக்கொண்டார்.

டீக்கடை பெஞ்சிலிருந்து கொர்நேலியுஸ் எழுந்தார்.

"டீக்கனே, கன்னத்துல என்ன ஆச்சு? தாடியை எங்க?"

"அங்க எனக்குத் தாடி முளைக்காது, செக்ரட்டரி. நீங்க இதுவரைக்கும் பாத்தது மெர்லின் வரைஞ்சது."

  ஈசாக்கு நடந்தார். கொர்நேலியுஸ் கையில் டீ கிளாஸோடு பின்னாலேயே வந்தார்.

கமிட்டி பேச்சு வந்த நாள் முதல் மெர்லினின் கடை ஷட்டர் பாதி இறங்கித்தான் இருந்தது. உள்ளே நாற்காலியில் கொர்நேலியுஸ் வீட்டம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஒரு புருவம் முடிந்திருந்தது. மெர்லின் பல்லில் நூலைக் கடித்தபடி குனிந்து ஷட்டருக்கு அடியில் பார்த்தாள். நூலைக் கீழே போட்டாள்.

"ஐயோ, முகத்தைக் கழுவிட்டீங்களா? உள்ள வாங்க, யாரும் பாக்கதுக்குள்ள வாங்க."

பென்சிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஈசாக்கு உள்ளே போகவில்லை. வெளியிலேயே குனிந்து, ஷட்டரின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, மேலே முட்டும் வரைக்கும் தள்ளினார். அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது.

வெயில் கடைக்குள் நாற்காலி வரைக்கும் விழுந்தது. கொர்நேலியுஸ் வீட்டம்மா கண்ணைத் திறந்தாள். வாசலில் டீ கிளாஸோடு நிற்கும் புருஷனைப் பார்த்தாள். சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மெர்லின் பென்சிலை ஈசாக்கின் கன்னத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது இருக்கட்டும்," என்றார் ஈசாக்கு. "முதல்ல அந்த அம்மாவுக்க இன்னொரு புருவத்தை எடு."