இலை கேட்டதற்குப் பூ கொடுத்த மரம்

ஒரு ஊரில் ஒரு பிரஷ் இருந்தது. பன்றி முடியில் செய்ததுதான். ஆனால் பேச்சைக் கேட்டால் ராஜ வம்சம் என்று தோன்றும். தென்காசிப் பக்கம் ஒரு மாடி அறையில், செண்பகவல்லி என்ற ஓவியக்காரியிடம் அது இருந்தது. "நான் எங்கே அவளிடம் இருக்கிறேன், அவளல்லவா என் பின்னால் வருகிறாள்" என்று பெயின்ட் டியூப்களிடம் அளந்துகொண்டிருக்கும்.

ஐப்பசி மழையில் செண்பகவல்லி, ஜன்னலுக்கு வெளியே நின்ற கல்யாண முருங்கை மரத்தை வரைய ஆரம்பித்தாள். மரம் அப்போது பச்சைப் பசேலென்று இருந்தது. அந்தப் பச்சை அவளுக்குப் பிடிபடவே இல்லை. வைத்தாள், வழித்தாள், மறுபடி வைத்தாள். அதற்குள் தை வந்துவிட்டது. மரம் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது.

"போச்சு. எனக்கு இனிமே வராது" என்று செண்பகவல்லி பாதிப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கீழே போய்ப் படுத்தவள் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்தாள்.

பிரஷுக்கு வந்ததே கோபம்! ஜன்னல் ஓரத்தில் இருந்தபடி கத்தியது.

"ஏ மரமே! படம் பாதியில் நிற்கும்போது உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டாயே, வெட்கமாக இல்லை?"

"படமா?" என்றது மரம். "யாரோ என்னை ஆசையாகப் பார்க்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்!"

"இலை எப்போது வரும்? தேதி சொல்."

"தெரியாதே."

"தெரியாமல் எந்த தைரியத்தில் நின்றுகொண்டிருக்கிறாய்?"

மரம் யோசித்தது. "உட்காரத் தெரியாது, நிற்கிறேன். வேர் பாட்டுக்குத் தண்ணீர் தேடிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் வராது என்றால் அது ஏன் தேட வேண்டும்?"

"சரி, என்னதான் வரும்?"

"வந்தால்தான் எனக்கும் தெரியும்."

"திட்டம் இல்லாத ஜென்மம்!" என்று பிரஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் செண்பகவல்லியின் அண்ணன் மனைவி சங்கரவடிவு மாடியைப் பெருக்க வந்தாள். பிரஷை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "சும்மாதான கெடக்கு" என்று கீழே கொண்டுபோய்க் கழுவி, எண்ணெயில் முக்கி, பணியாரக் கல்லின் குழிகளில் தடவினாள்.

"அய்யோ, நான் ஓவியம் தீட்டுகிறவன்!" என்று அலறியது பிரஷ்.

"எல்லாரும் வரும்போது அப்படித்தான் சொல்லுவாங்க" என்றது பணியாரக் கல். "அந்த ஓரக் குழியை விட்டுட்டியே, தடவு."

ஒரு பக்கத்து முடி கருகிச் சுருண்டது. அன்றுதான் பிரஷ் முதன்முதலாகச் சாமி கும்பிட்டது. எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல், அடுப்புக்கு மேலே தொங்கிய காலண்டரைப் பார்த்து உருகியது. அதில் இருந்தது இரும்புக் கடை விளம்பரம்.

மாசி பிறந்தது. காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போன செண்பகவல்லி அப்படியே நின்றுவிட்டாள். மரத்தில் ஓர் இலைகூட இல்லை. ஆனால் கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி, சிவப்புச் சிவப்பாகப் பூ. மைனாக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தேன் குடித்தன.

"மதினி! என் பிரஷ் எங்க?"

"பணியாரக் கல்லுல கெடக்கு பாரு!"

அதை டர்பன்டைனில் அலசி மேலே கொண்டுவந்தாள். பிரஷ் மரத்தைப் பார்த்து மலைத்துப்போனது.

"இலையைத்தானே கேட்டேன்?"

"எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது" என்றது மரம்.

செண்பகவல்லி படத்தைத் திருப்பினாள். வழித்து வழித்து அழுக்கேறிய பச்சையின் மேல் சிவப்பை வைத்தாள். தன் கருகிய முடியை எங்கே ஒளிப்பது என்று பிரஷ் கூசியது. முன்பெல்லாம் எங்கே போகப்போகிறோம் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். இன்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கை போன பக்கமெல்லாம் போனது. அந்திக்குள் படம் முழுக்கப் பூத்துவிட்டது.

காபியோடு வந்த சங்கரவடிவு படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது நம்ம வீட்டு மரமா? தெனமும் மாடியில இருந்து இதுலதான கொடி கட்டித் துணி காயப் போடுதேன்!"

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஓரத்துல நான் ஒண்ணு வைக்கட்டா? கெட்டுப்போயிருமோ?"

"வைங்க மதினி."

மதினியின் விரல்களுக்கு நடுவே பிரஷ் இறங்கியது. சங்கரவடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பூ வைத்தாள். அது பூ மாதிரி இல்லை. வத்தல் மிளகாய் மாதிரி இருந்தது. அவளே பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிரஷ் சிரிக்கவில்லை. அடுத்த பூவுக்காகச் சிவப்பை நிறையத் தொட்டுக்கொண்டது.