நெருஞ்சிப் பூவும் தளவாயின் கோழி இறகும்

வெகு காலத்துக்கு முன்னே கோடைமங்கலம் என்ற புல்வெளி நாட்டை வச்சிரவாகு என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கோபம் வந்தால் தலையை வாங்குவான். தணிந்ததும் அந்தத் தலைக்காக அழுவான். மூன்று மந்திரிகள் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். நான்காமவர் திருமேனிநாதர். காலையில் தலைப்பாகை கட்டும்போதெல்லாம், மாலையில் இதை அவிழ்க்க நாம் இருப்போமா என்று அவருக்குத் தோன்றும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆண்டுக்கொருமுறை ராஜா, அரண்மனைக் கொடியில் காய்த்த பூசணியைச் சுமந்துகொண்டு வெறுங்காலோடு புல்வெளியைக் கடந்து அய்யனாருக்குப் படைக்க வேண்டும். காய் இல்லாத ஆண்டில் ராஜாவுக்கு ஆயுள் இல்லை என்பார்கள்.

அந்த ஆண்டு நடையில் அவன் காலில் நெருஞ்சி முள் ஏறிவிட்டது.

"அடுத்த படையலுக்குள் என் நாட்டில் ஒரு நெருஞ்சி இருக்கக் கூடாது! இருந்தால் மந்திரியின் தலை இருக்காது!"

திருமேனிநாதர் விடியலில் புல்வெளியில் உலாவுகிறவர். தரையோடு படர்ந்த அந்த மஞ்சள் பூக்களில் சிறுவண்டும் தேனீயும் மொய்ப்பதையும், நகக்கண் அளவு நீலப் பூச்சி இலையடியில் முட்டையிடுவதையும் பார்த்தவர். பூசணி பூப்பது ஒரு பருவம்தான். மற்ற நாளெல்லாம் அவற்றுக்கு நெருஞ்சிதான் சோறு. இதைச் சொன்னால் இப்போதே தலை போகும். சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு போகும்.

திருமேனிநாதர், படைக்குத் தலைவரான தளவாய் கடம்பவேலைப் பார்த்தார். மந்திரிக்கு ஒரு மாலை விழுந்தால் மூன்று நாள் சாப்பிடாத மனிதர் அவர்.

"மகாராஜா, இந்தப் பெருமை எனக்கே இருக்கட்டும். தளவாயால் இது ஆகாது," என்றார் மந்திரி.

"ஆகாதா?" துள்ளி எழுந்தார் தளவாய். "மந்திரியாரே, பகைவர் கோட்டையைப் பிடுங்கிய கைக்கு ஒரு பூண்டு எம்மாத்திரம்?"

"அப்படியானால் பிடுங்குவது இந்த ஆண்டு நம் ஆற்றுக்கு இக்கரையோடு நிற்கட்டும், மகாராஜா. ஒரு செடி விடாமல் எடுத்தவர் பெயரை அரண்மனை வாசலில் கல்லில் வெட்டவேண்டும்."

ராஜா தலையசைத்தான். மழைக்காலம் முடிவதற்குள் இக்கரை வெறிச்சோடியது. கல்லில் கடம்பவேலின் பெயர் ஏறியது.

கொடி பூத்தது. பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. பந்தலடியில் ஒரு ரீங்காரம் இல்லை. அந்த அமைதியில் நிற்க ராஜாவுக்கே நடுக்கமெடுத்தது.

"என் ஆயுளைத் தின்றவன் யார்?"

"மந்திரி வைத்த சூனியம், மகாராஜா!" என்றார் தளவாய்.

"வாசல் கல்லில் பெயர் இருக்கிறது, மகாராஜா," என்றார் திருமேனிநாதர். "பிடுங்கியது நெருஞ்சியை மட்டுமல்ல, வண்டுகளின் சோற்றை. மகரந்தம் சுமக்க ஆள் இல்லை."

"பூச்சிக் கதை சொல்லித் தப்பப் பார்க்கிறாயா?" என்று உறுமினான் ராஜா.

கொடியில் மிஞ்சியது ஒரே பெண்பூ. திருமேனிநாதர் ஆண்பூவொன்றைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின்மேல் தடவினார். "ஐந்து நாள் பொறுங்கள். பிஞ்சு உதிர்ந்தால் என் தலை."

ஐந்து நாளும் உருவிய வாளோடு ஒரு காவலன் பக்கத்தில் நின்றான். காற்றடித்தால் பிஞ்சு ஆடும். மந்திரியின் உயிரும் ஆடும். ஐந்தாம் காலை அது கைமுட்டி அளவு பருத்திருந்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தான். கழுத்தில் ஏதோ பட்டதும் மந்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"தளவாயே! வண்டுகள் திரும்பும்வரை அவற்றின் வேலை உமக்கு. கோழி இறகை எடும்!"

விடியல்தோறும் தளவாய் மீசையில் மகரந்தம் அப்ப, புதிதாய்ப் பூத்ததையெல்லாம் பூப்பூவாய்த் தடவினார். பிடுங்கிய இடத்தில் நெருஞ்சி மறுபடி முளைத்தது; யாரும் அதைத் தொடவில்லை. விடியல்தோறும் ராஜா கேட்பான்: "வண்டு வந்ததா?" "இல்லை, மகாராஜா." அக்கரையில் மிஞ்சிய வண்டுகள் இங்கே வராமலே போனால்? அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு காலை தளவாயின் கூச்சல் கேட்டது: "மந்திரியாரே! இறகில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது!"

ராஜா வெறுங்காலோடு ஓடிவந்தான். வழியில் நெருஞ்சி முள் சுருக்கென்று ஏறியது. மந்திரியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

ராஜா குனிந்து முள்ளைப் பிடுங்கினான். பிறகு உதட்டில் விரலை வைத்தான்.

"மெல்லப் பேசுங்களய்யா. அது பயந்துவிடப் போகிறது."