நடு ஓலை

ஓலையில் கணக்கு எழுதிய காலத்தில், ஒரு ஜமீனில் தாண்டவராயர் என்றொரு கணக்குப்பிள்ளை இருந்தார். அவர் எழுதினால் எழுதினதுதான். ஜமீன்தாரே மறுபேச்சுப் பேசமாட்டார்.

ஒருநாள் அவர் பழைய ஓலைக்கட்டு ஒன்றைக் காட்டி, அந்த ஊர் ஏழைக் குடியானவள் மூக்காயியின் ஒரே வயலைக் கேட்டார். "இருபது வருஷத்துக்கு முன்னால உங்க அப்பன் இதை எனக்கு வித்துட்டான். அன்னைக்கே எழுதின கணக்கு இது."

மூக்காயி ஜமீன்தாரிடம் போய் முறையிட்டாள். கணக்குப்பிள்ளை அங்கேயும் வந்து சிரித்தார். "எழுத்து வாசனையே இல்லாதவ. என் ஓலையில ஒரு தப்பைக் காட்டட்டும், வயலை விட்டுடறேன்."

"எனக்கு ஏது சாமி படிப்பு? நீங்களே படிங்க. அதுக்கு மேல் ஓலையையும் கீழ் ஓலையையும் சேர்த்துப் படிங்க."

மேல் ஓலையில் பூச்சி அரித்து நாலு எழுத்து போயிருந்தது. கணக்குப்பிள்ளை தட்டுத்தடுமாறிப் படித்தார். கீழ் ஓலையிலும் அதே தடுமாற்றம்தான். நடுவில் இருந்த வயல் ஓலையை மட்டும் கடகடவென்று படித்து முடித்தார்.

"அதைப் பூச்சி தொடலையா சாமி?"

ஜமீன்தார் ஓலையை வாங்கிப் பார்த்தார். அதே இடங்களில் அதே நாலு ஓட்டை இருந்தது. எழுத்துகள் மட்டும் ஓட்டைகளை விட்டு ஒதுங்கி நின்றன.

"பின்னால வரப்போற பூச்சிக்கு அன்னைக்கே வழிவிட்டு எழுதியிருக்காரு எசமான். பெரிய ஜோசியர்தான்" என்றாள் மூக்காயி.

ஜமீன்தார் கணக்குப்பிள்ளையின் எழுத்தாணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "வயல் அவளுக்கு. நீர் இனிமே ஜோசியம் பார்த்தே பிழைச்சுக்கும் ஓய்."